வளைந்த குழாய்க்குள் கருவியைத் தள்ளுவது யார்?
வாசகர் கேள்வி – பதில்: மருத்துவப் பொறியியல்

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த மாதம் வயிற்றில் என்டோஸ்கோப்பி செய்து பயொப்சி எடுக்கவேண்டுமாம். வெளிநாடுகளில் கருவியை உள்ளே அனுப்புவது றோபோதான் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அப்படி ஒரு இடம் தேடிப் போகவேண்டுமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தேவையில்லை. சோதனைக்குச் சிறு சதைத்துண்டு எடுக்கும் சாதாரண பயொப்சியில் றோபோவால் அம்மாவுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. வாயால் இறக்கும் குழாய் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம், 9–10 மி.மீ. தடிப்பு. அதற்குள் 2.8 மி.மீ. அகலத்தில் ஒரு துவாரம் ஓடுகிறது. அதன் வழியே மெல்லிய இடுக்கி ஒன்றை டொக்டர் இறக்குவார். பக்கத்தில் நிற்கும் தாதி "திற", "மூடு" என்ற சொல்லுக்குப் பிடியை அசைப்பார். சில நிமிட வேலை.

றோபோவின் அருமை தெரிவது வேறு இடத்தில். இரைப்பையின் மேற்படையில் மட்டும் இருக்கும் ஆரம்பநிலைப் புற்றுநோயை, அடியில் திரவம் ஏற்றி உயர்த்தி, சுற்றிவர வெட்டி, ஒரே துண்டாக உரித்து எடுப்பார்கள். உரித்த ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, அடியை வெட்ட இன்னொரு கை வேண்டும். சாதாரணக் குழாயில் கருவி கமராவோடு சேர்ந்தேதான் அசையும். இரண்டாவது கை கிடையாது. சிங்கப்பூரில் உருவான எண்டோமாஸ்டர் போன்றவை குழாயின் நுனியில் இரண்டு குட்டிக் கைகளை வைப்பது இதற்காகத்தான். அங்கும் றோபோ தன்பாட்டில் எதையும் வெட்டாது; டொக்டர் மேசையில் இருந்து கைப்பிடியை அசைத்தால்தான் அது அசையும்.

அம்மா வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசை எடுப்பவர் என்றால் அதை இப்போதே கிளினிக்கில் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: இறுதியாண்டுச் செயற்றிட்டமாக, பயொப்சி இடுக்கியை இரண்டு றப்பர் உருளைகளுக்கு நடுவே பிடித்து மோட்டரால் தள்ளும் பெட்டி ஒன்று செய்திருக்கிறோம். நேர்க்குழாயில் அழகாக ஓடுகிறது. குழாயை வளைத்தால் உருளை வழுக்குகிறது. உருளையை இறுக்கினால் இடுக்கியின் வாய் திறக்கவில்லை. பெரிய மோட்டர் போடலாமா?
– பொறியியல் மாணவன், அறிவியல்நகர்

பதில்: மோட்டரை மாற்றவேண்டாம், தம்பி. இரண்டு குற்றமும் வளைவின் உராய்வில் இருந்துதான் தொடங்குகின்றன.

இடுக்கியின் உடம்பு ஒரு கம்பிச்சுருள். அதற்குள் வாயைத் திறந்து மூடும் இழுகம்பி ஓடுகிறது. சைக்கிள் பிரேக் வயரின் அதே அமைப்பு. உருளையை இறுக்கும்போது கம்பிச்சுருள் நசிந்து உள்கம்பியைக் கவ்விக்கொள்கிறது. சோதித்துப் பாருங்கள்: அதே வளைவில் இடுக்கியை வைத்தபடி உருளைகளை முழுதாகத் தளர்த்திவிட்டு, கையால் பிடியை அசையுங்கள். வாய் திறந்தால் குற்றவாளி உருளையின் அழுத்தம். அப்போதும் திறக்காவிட்டால் வளைவு. வாயைத் திறக்க உள்கம்பியைத் தள்ளவேண்டும். மெல்லிய கம்பி இழுவைக்குத் தாங்கும் அளவுக்குத் தள்ளலுக்குத் தாங்காது.

வழுக்கலுக்கு வருவோம். வளைவில் உராய்வு கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்தால், மறுமுனையில் ஒரு நியூட்டன் விசை கிடைக்க 90 பாகை வளைவில் 1.4 நியூட்டன், 180 பாகையில் 1.9, முழு வட்டத்தில் 3.5 நியூட்டன் கொடுக்கவேண்டும். இடப்பக்கம் 90, வலப்பக்கம் 90 என்று வளைத்தால் ஒன்றை ஒன்று வெட்டிவிடாது. 180 என்றே எண்ணுங்கள். வளைவின் ஆரை இந்தக் கணக்கில் வராது. ஆனால் கம்பிச்சுருளுக்குச் சொந்த விறைப்பு உண்டு. இறுக்கமான வளைவில் அதுவும் சேர்ந்து எதிர்க்கும்.

ஒரு சோடி உருளையை இறுக்குவதை விட்டு, இரண்டு சோடியை மென்மையாக வையுங்கள். பொலியூரித்தேன் உருளையில் இடுக்கியின் தடிப்புக்கு ஏற்ற அரைவட்டத் தவாளிப்பு வெட்டினால் தொடும் பரப்புக் கூடும், நசிவு குறையும். உருளை முடியும் இடத்துக்கும் குழாயின் வாய்க்கும் இடையே வெற்றிடம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் இடுக்கி அங்கேயே வில்லாக வளைந்து வெளியே பிதுங்கும். நடுவில் ஒரு சிறு வழிகாட்டிக் குழாய் போடுங்கள். போன தூரத்தை மோட்டரின் சுற்றில் இருந்து கணக்கிடாதீர்கள், வழுக்கினால் அது பொய் சொல்லும். இடுக்கியின் மேல் தானாக உருளும் தனிச் சில்லு ஒன்றில், சுற்றை அளக்கும் என்கோடரைப் பொருத்துங்கள்.

பலரும் கவனிக்காதது ஈரம். குழாய்க்குள் வழுவழுப்புத் திரவம் போட்டால் உராய்வு குறையும், சரி. இடுக்கி திரும்பி வரும்போது அந்தத் திரவத்தையும் உருளைக்குக் கொண்டுவரும். அடுத்த தள்ளலில் பிடி போய்விடும். குழாய் வாய்க்கும் உருளைக்கும் நடுவே ஒரு துண்டுப் பஞ்சு துடைப்பானாக இருக்கட்டும்.

திசை மாற்றும்போது நுனி உடனே அசையாது. முன்னே போகையில் வளைவின் வெளிச்சுவரில் சாய்ந்திருந்த இடுக்கி, பின்னே இழுத்ததும் முதலில் உட்சுவருக்குத் தாவும். 20 மி.மீ. முன்னும் பின்னும் ஓட்டி, நுனி சும்மா நின்ற தூரத்தை ஒவ்வொரு வளைவுக்கும் எழுதி வையுங்கள். மேசையில் அதை மென்பொருளால் ஈடுசெய்யலாம். உடலுக்குள் வளைவு எவ்வளவு என்று தெரியாதபோது அந்த ஈட்டை நம்புவது ஆபத்து. படத்தைப் பார்த்து ஓட்டுவதே சரி.

இன்னொன்று. இடுக்கிக்குப் பதில் உறையிட்ட ஊசியை ஓட்டுவதானால், குழாயின் நுனி முழுதாக மடிந்திருக்கையில் அதை ஒருபோதும் தள்ளவேண்டாம். உறைக்குள் இருந்து எட்டிப்பார்த்த ஊசி துவாரத்தின் சுவரைக் குத்திவிடும். குழாயின் நுனியை நிமிர்த்தி, கருவி அதன் வாயைத் தாண்டி வெளியே எட்டிய பிறகுதான் மீண்டும் மடிக்கவேண்டும். கைவேலையில் இது பாலபாடம். உங்கள் மென்பொருளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேள்வி: நடுவில் கரண்ட் போனால்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: யூபிஎஸ் இருக்கத்தான் வேண்டும், ஆனால் அதையே நம்பி வடிவமைக்கக்கூடாது. உருளைகள் ஒரு நெம்பைத் தட்டினால் கையால் விலகவேண்டும். இடுக்கியின் வாயைக் கையாலேயே திறக்க வழி இருக்கவேண்டும். சதையைக் கவ்வியபடி நின்றுபோன இடுக்கியை அப்படியே இழுத்தால் கிழியும். காற்றூட்டி விரிந்த பெருங்குடலின் சுவர் ஓரிரு மில்லிமீற்றர்தான்.

கேள்வி: இப்படி ஒரு பெட்டி வந்தால் அதை எப்படிச் சுத்தம் செய்வது? எங்கள் தலையில்தானே விழும்!
– தாதிய உத்தியோகத்தர், பருத்தித்துறை

பதில்: விழும். அதனால் வாங்கும்போதே பாருங்கள்: உருளைகள் மட்டும் தனியாகக் கழன்று வருகிறதா? கழன்று வரும் பகுதி ஒருமுறைப் பாவனையாகவோ 134 பாகை செல்சியஸ் ஓட்டோகிளேவை (நீராவியால் கிருமியழிக்கும் கருவி) தாங்குவதாகவோ இருக்கவேண்டும். மோட்டர் பகுதி அதைத் தாங்காது. அது கிருமியற்ற உறைக்கு வெளியே நிற்கட்டும். இடுக்கி சளிச்சவ்வைப் பிய்ப்பதால் அதற்கு முழுக் கிருமியழிப்பு வேண்டும், அல்லது புதியது வேண்டும். திரும்பப் பாவிக்கும் இடுக்கி என்றால் அதன் உடம்பை விரலால் தடவிப் பாருங்கள். உருளை கடித்த சொரசொரப்பு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அது குழாயின் துவாரத்தைக் கீறும், கசிவுச் சோதனையில் குமிழி வரும்போதுதான் தெரியவரும்.

கேள்வி: நுரையீரலுக்கு றோபோ வந்துவிட்டது என்கிறார்களே, அது ஊசியைத் தானே குத்துமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: இல்லை. நுரையீரலுக்கான இரண்டு றோபோக்கள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன: 2018இல் மொனார்க், 2019இல் அயன். அயனின் குழாய் 3.5 மி.மீ. தடிப்பு, உள்ளே 2 மி.மீ. துவாரம். கிளைக் குழாய்களுக்குள் வழி கண்டுபிடித்து, போய்ச் சேர்ந்த இடத்தில் ஆடாமல் நிற்பதுதான் றோபோவின் வேலை. அயனில் கமராவும் அதே துவாரத்தில்தான் இருக்கும். அதை உருவி எடுத்துவிட்டுத்தான் ஊசி போகும். அந்த நேரத்தில் குழாய் எப்படி வளைந்திருக்கிறது என்பதை அதனுள் ஓடும் ஒளியிழை சொல்லிக்கொண்டிருக்கும். ஊசியைத் தள்ளுவது டொக்டரின் கை. முன்பு எடுத்த சிரி ஸ்கானில் கட்டி இருந்த இடம், மயக்கத்தில் நுரையீரல் சுருங்கியதும் மாறிப்போகலாம். அதனால் குத்தும் முன் எக்ஸ்றே அல்லது அல்ட்ராசவுண்டால் ஒருமுறை உறுதிசெய்வார்கள்.