மன்னருக்குக் கிடைக்காத அற்புதம்

அன்புள்ள ஐயா,

இத்தாலியத் துறவி பவோலா நகர் பிரான்சிஸைப் பற்றி ஓர் உரையில் இரண்டே வரி சொன்னீர்கள். தேடிப் படித்தேன். காசில்லாத அவரைப் படகோட்டி ஏற்ற மறுக்க, மேலாடையைத் தண்ணீரில் விரித்து, இத்தாலிக்கும் சிசிலித் தீவுக்கும் நடுவிலுள்ள மெசீனா நீரிணையைக் கடந்தாராம். நீங்கள் இதை நம்புகிறீர்களா? எங்கள் ஊரிலும் ஒருவர் கைவைத்து நோய் தீர்க்கிறார், மிக எளிமையானவர். புனிதர் என்றே சொல்வேன். இன்னொன்று: தாழ்மை என்பது ஏழைகளை அடக்கிவைக்கும் தந்திரம்தானே?

ச.

அன்புள்ள ச.,

மேலாடையை விடுங்கள். தண்ணீரில் நடந்தவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். தாழ்மை தந்திரமா என்பதைப் பட்டிமன்றக்காரர்களிடம் கேளுங்கள், இரண்டு பக்கமும் அழகாகப் பேசுவார்கள். என்னை உட்காரவைத்தது நோய் தீர்க்கிறவரைப் பற்றிய உங்கள் வரி. கொஞ்ச காலமாக பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயியின் கடைசி மாதங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரான்சிஸ் 1416-இல் இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவில் பிறந்தவர். இளம் வயதிலேயே குகைக்குப் போய்விட்டார். தேடிவந்து கூடியவர்கள் ஒரு துறவற சபையானார்கள். 1474-இல் போப் நான்காம் சிக்ஸ்துஸ் அதை அங்கீகரித்தார். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. ஆண்டு முழுக்கத் தவக்காலம். நிறுவியவர் கடைசிவரை குருப்பட்டம் பெறவில்லை. படிப்பும் பெரிதாக இல்லை.

லூயியோ தூர் நகருக்கு அருகே பிளெஸி கோட்டையில், இரும்புக் கிராதிகளுக்கும் வில்லாளர்களுக்கும் நடுவே, சாவுக்குப் பயந்து முடங்கிக் கிடந்தார். மருத்துவருக்கு மாதம் 10,000 பொற்காசு கொடுத்தார் என்கிறார் அரசவையிலிருந்த ஃபிலிப் த கொமீன். மன்னர்களை முடிசூட்டும்போது பூசுகிற தைலக் குப்பியை ரைம்ஸ் நகரிலிருந்து வரவழைத்தார். கலாப்ரியாவில் ஒருவர் அற்புதம் செய்கிறார் என்று கேள்விப்பட்டு ஆளனுப்பினார். பிரான்சிஸ் மறுத்தார். போப் ஆணையிட்டார். 1483 வசந்தத்தில், 67 வயதில், மொழி தெரியாத நாட்டில் வந்து இறங்கினார்.

மன்னர் முழங்காலில் விழுந்து ஆயுளை நீட்டித் தரும்படி மன்றாடினார். அறிவுள்ளவர் சொல்லவேண்டிய பதிலையே பிரான்சிஸ் சொன்னார் என்று கொமீன் முடித்துக்கொள்கிறார். யோசித்துப் பாருங்கள், ச. எதிரே ஐரோப்பாவின் பலம் மிக்க மன்னர். "பிழைத்துவிடுவீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் சபைக்கு மடங்கள் குவியும். அவர் சொல்லவில்லை. நான் வியக்கிற அற்புதம் இதுதான். மேலாடையை விரித்துக் கடல் கடப்பது இதற்கு முன்னால் சிறுபிள்ளை விளையாட்டு.

என் பெரியம்மா புற்றுநோயில் கிடந்தபோது ஒருவர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். அவரும் மிக எளிமையானவர்தான், தேய்ந்த செருப்பு. எழுந்து நடப்பாய் என்றார். நடக்கவில்லை என்றதும் விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வலியோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது அந்தக் கிழவிக்கு. இன்று நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பிறகு எங்கள் பங்கின் வயதான உபதேசியார் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, சாமியாரை வரச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார். படுத்த படுக்கையில் சாமியாரை அழைப்பது கடைசிப் பூசுதலுக்கு என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். பெரியம்மா தலையசைத்தார். அன்று மாலையே சங்கிலி எந்தப் பேத்திக்கு, பசுவை யார் பார்த்துக்கொள்வது, பேசாமலிருந்த தம்பிக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அவருடைய பழைய அதட்டலைக் கேட்டோம்.

உங்கள் ஊர்க்காரரிடம் நீங்கள் பார்க்கவேண்டியது செருப்பை அல்ல. பிழைக்கமாட்டாதவர்களின் வீட்டில் அவர் என்ன சொல்கிறார்? அதை விசாரித்தீர்களா? விசாரிக்காமல் புனிதர் என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

பிளெஸியில் கடைசியில் மன்னரைச் சுற்றியிருந்த மற்றவர்கள்தான் உண்மையை முரட்டுத்தனமாகப் போட்டு உடைத்தார்கள்: இந்தப் புனித மனிதரையும் இனி நம்பவேண்டாம், உங்கள் கதை முடிந்தது என்று. ஆகஸ்ட் 30-இல் லூயி இறந்தார். குணமாக்காத துறவியை அதன்பிறகும் யாரும் துரத்தவில்லை. அடுத்தடுத்த மன்னர்களும் அவரை விடவில்லை. ஊர் திரும்பாமலே 1507-இல், பெரிய வெள்ளியன்று, பிரான்சிலேயே இறந்தார். 1519-இல் புனிதர் பட்டம்.

கொமீனிடம் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. இவ்வளவு புனித வாழ்க்கை வாழ்ந்த ஒருவரைத் தான் கண்டதில்லை என்று எழுதுகிறார். உடனே, ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார், நல்லதாகவோ கெட்டதாகவோ மாறக்கூடும், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்கிறார். பிரான்சிஸைப் பற்றியே இப்படி! உங்கள் ஊர்க்காரருக்கு இப்போது என்ன வயது?