நாலு மாதம்தான் பால் கொடுத்தேன், புற்றுநோய் வருமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். மூத்தவள் பிறந்தபோது எனக்கு 31 வயது. வேலைக்குத் திரும்பியதால் அவளுக்கு நாலு மாதத்தோடு பால் நின்றுவிட்டது. இளையவனுக்கு இப்போது 9 மாதம், இன்னும் குடிக்கிறான். போன மாதம் என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு 58 வயது. மூன்று பிள்ளைகளுக்கும் நன்றாகப் பால் கொடுத்தவர். அவருக்கே வந்திருக்கும்போது எனக்கு வராதா? பால் கட்டினால் அதுவே பின்னால் புற்றுக்கட்டியாகிவிடும் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். பையனுக்கு எவ்வளவு நாள் பால் கொடுக்கலாம்? இரண்டு பிள்ளைகள் போதும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று யோசிக்கிறோம். அதனால் ஏதும் கெடுதல் உண்டா டாக்டர்?

பதில்: நாலு மாதத்தில் நிறுத்தியதற்காகப் புற்றுநோய் வராது. பால் கட்டுவது புற்றுநோயாக மாறாது. பையனுக்கு இரண்டு வயது வரை, அதற்கு மேலும் உங்கள் இருவருக்கும் பிடித்திருந்தால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆபரேஷனாலும் கெடுதல் இல்லை. பதில் அவ்வளவுதான். ஆனால் 'பால் கொடுத்தால் வராது', 'கொடுக்காவிட்டால் வரும்' என்று பலர் மனதிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

தாய்ப்பாலுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பெரிய ஆய்வு 2002-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். நோய் வந்த 50 ஆயிரம் பெண்கள், வராத 97 ஆயிரம் பெண்கள். ஒரு பெண் தன் வாழ்நாளில் பால் கொடுத்த மாதங்களை எல்லாம் கூட்டி, ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். இதைத் தவிர ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7 சதவீதம் குறைகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கில் வருவது மொத்த மாதங்கள். எந்தக் குழந்தைக்கு எத்தனை என்பதில்லை. மூத்தவளுக்கு நாலு, பையனுக்கு இரண்டு வயது வரை என்றால் 24. ஆக 28 மாதம். ஏறக்குறைய 10 சதவீதக் குறைவு.

சரி, எதில் 10 சதவீதம்? இந்தியாவில் 75 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது சுமாராக 100 பெண்களில் 3 பேருக்கு, அதாவது ஆயிரத்தில் 30 பேருக்கு. உங்களைப் போல 28 மாதம் பால் கொடுத்த ஆயிரம் பெண்களை எடுத்துக்கொண்டால் அந்த 30 என்பது 27 ஆகும். மூத்தவளுக்கு ஒரு வருடம் முழுக்கக் கொடுத்திருந்தால்? கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய எட்டு மாதத்தின் பலன் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. இத்தனை வருடமாக நீங்கள் மனதில் சுமந்த குற்ற உணர்ச்சியின் எடை இவ்வளவுதான். அதோடு, தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 2017 முதல் சட்டம். நாலு மாதத்தில் உங்களைக் கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கணக்குக் கேட்பதென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும், உங்களிடம் அல்ல.

தனி ஒருத்திக்குச் சின்னதாகத் தெரியும் இதே பலன் ஒரு நாட்டுக்குப் பெரியது. பணக்கார நாட்டுப் பெண்களும் ஏழை நாடுகளில் இருந்த வழக்கப்படி நிறையப் பிள்ளைகள் பெற்று, நீண்ட காலம் பால் கொடுத்தால், 70 வயதுக்குள் நோய் வருவோர் 100-க்கு 6.3 என்பதிலிருந்து 2.7 ஆகக் குறையலாம் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. அதற்காக எட்டுப் பிள்ளை பெறச் சொல்ல முடியுமா? மருத்துவர்கள் தாய்ப்பாலை மட்டும் வலியுறுத்துவது இதனால்தான்.

இது எப்படி வேலை செய்கிறது? மார்பிலுள்ள பால் சுரப்பிகள் பெண் வயதுக்கு வந்ததுமே முழு வளர்ச்சி அடைந்துவிடுவதில்லை. கர்ப்பத்திலும் பால் சுரக்கும் காலத்திலும்தான் முற்றுகின்றன. தேயிலைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மழைக்காலத்தில் வரும் கொப்புள நோய் இளம் கொழுந்தைத்தான் பிடிக்கும், முற்றிய இலையை விட்டுவிடும். முதிராத செல்களும் அப்படித்தான், கெடுவதற்கு இடம் கொடுப்பவை. அப்புறம், பால் கொடுக்கும் மாதங்களில் பலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். அவ்வளவு காலம் சினைப்பையின் ஹார்மோன் ஏற்ற இறக்கம் மார்புக்குக் கிடையாது. பால் மறக்கடித்த பிறகு பழைய செல்கள் பெருமளவில் கழிந்துபோவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஹார்மோனுக்குக் கட்டுப்படாத, சிகிச்சைக்குச் சிரமமான ஒரு வகை மார்பகப் புற்றுநோய் மேலைநாடுகளைவிட நம் நாட்டுப் பெண்களிடம் அதிகம். தாய்ப்பால் அந்த வகையையும் குறைக்கிறது என்பது நமக்கு முக்கியமான செய்தி.

இப்போது பெரியம்மா. அவர் கொடுத்த பால் வீண் போகவில்லை. ஆயிரத்தில் 27 பேருக்கு வரத்தான் செய்யும் என்றோமே, அந்த 27 பேரும் பால் கொடுத்தவர்கள்தான். 58 வயதில், மாதவிடாய் நின்ற பிறகு, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வந்திருப்பது பரம்பரை நோயின் அடையாளமாகத் தெரியவில்லை. அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ வந்தால் ஏறும் அளவுக்கு, பெரியம்மாவுக்கு வந்ததால் உங்கள் ஆபத்து ஏறாது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்: 45-50 வயதுக்குள் யாருக்காவது மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலாவது சினைப்பைப் புற்றுநோய், ஆண்கள் யாருக்காவது மார்பில் புற்று. அப்பா வழியிலும் கேட்க வேண்டும். பரம்பரையாக இந்த நோயைக் கொண்டுவரும் மரபணு அப்பா மூலமும் வரும் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அப்படி யாராவது இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசலாம். இல்லையென்றால் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரசவம் மார்பகப் புற்றுநோயைக் குறைக்கும் என்பது நீண்டகாலக் கணக்கு. பிரசவத்துக்குப் பிறகு சில வருடங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. 2019-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, அது சுமார் ஐந்து வருடத்தில் உச்சத்துக்குப் போய், மெல்ல இறங்கி, இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் பாதுகாப்பாக மாறுகிறது. முதல் பிரசவம் தள்ளிப்போனவர்களுக்கு இந்த ஏற்றம் இன்னும் கொஞ்சம் அதிகம். அந்த வயதில் நோயே அபூர்வம் என்பதால் இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண் மார்பில் கட்டி என்று வந்தால், 'பால் கட்டிதான்' என்று கையை வீசி அனுப்பிவிடக் கூடாது. உங்கள் மாமியார் சொல்வதைவிட இதற்கு நேர்மாறான தவறுதான் எனக்குக் கவலை. பால் கட்டு புற்றாக மாறுவதில்லை. ஆனால் புற்றுக்கட்டியைப் பால் கட்டு என்று நினைத்து மாதக்கணக்கில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பது நடக்கிறது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பால் கட்டு பெரும்பாலும் திடீரென வரும், வலிக்கும், தொட்டால் சூடாக இருக்கும். குழந்தை குடித்ததும் கொஞ்சம் இளகும். ஓரிரு நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் போய்விடும். காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அப்படியென்றால் மாத்திரை வேண்டும், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பாட்டிமார் செய்வது போல அழுத்தித் தேய்த்துக் கட்டியை உடைக்கப் பார்க்காதீர்கள், உள்வீக்கம்தான் கூடும். பால் கொடுத்த பிறகு குளிர்ந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். இந்தக் குளிரில் அதுவேறா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவதும் நம் ஊரில் உண்டு. அது பால் வற்ற உதவும் என்பதை வேலூர் மருத்துவர்களே 1980-களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பால் வற்ற வேண்டும் என்றால் சரி. பையன் இன்னும் குடிக்கும்போது, அதுவும் கட்டியைக் கரைக்க, அது வேண்டாம்.

குழந்தை வயிறார ஒரு பக்கம் குடித்து முடித்ததும், விரல்களைத் தட்டையாக வைத்து அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். மார்பு முழுக்க இளகிய பிறகும் ஓரிடத்தில் மட்டும் கெட்டியாக, நகராமல், வலியில்லாமல் ஒன்று இருக்கிறதா? இரண்டு வாரம் கழித்தும் அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறதா? தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக இருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுக்கிறதா, இரத்தம் கலந்து வருகிறதா, மாத்திரை சாப்பிட்டும் சிவப்பு மாறவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பால் கொடுக்கும்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாம், ஊசி போட்டுச் சதைப் பரிசோதனையும் செய்யலாம். 'பால் மறக்கடித்துவிட்டு வா' என்று யாராவது சொன்னால், மறக்கடிக்காமலே இன்னொரு டாக்டரிடம் போங்கள். போகும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாக வரும். இதற்காக மலை இறங்கி மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டுமே என்றுதான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். ஸ்கேனுக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போதும். பத்தில் ஒன்பது கட்டிகள் ஒன்றுமில்லாதவையாகத்தான் இருக்கும்.

இனி மற்ற புற்றுநோய்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கும் தாய்ப்பால் நல்லது. 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பால் கொடுத்தவர்களுக்கு அது சுமார் கால் பங்கு குறைவாக இருந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் சினைப்பைப் புற்றுநோய் குறைவாகவே வருகிறது. புற்றுநோய்க்குப் பயந்து செய்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டு போதும் என்று நீங்களும் கணவரும் முடிவு செய்திருந்தால், இது கூடுதல் லாபம். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் பிள்ளை பெறுவது காப்புதான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மட்டும் எதிர்த்திசை. அங்கே பிரசவங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது, சிறு வயதில் முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் கூடுதல். அதன் மூலகாரணம் ஹெச்பிவி என்ற வைரஸ், மற்றவை துணைக் காரணங்கள். 16, 17 வயதில் கல்யாணம் செய்து நாலைந்து பெற்ற நம் பாட்டிமாருக்கு மார்பில் கிடைத்த பாதுகாப்பு கர்ப்பப்பை வாயில் கிடைக்கவில்லை. ஆகவே 'நிறையப் பெற்றவளுக்கு நோய் வராது' என்ற பேச்சை நம்பாதீர்கள். உங்களுக்கு 36 வயது. 30 தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாயில் மருந்து தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசம், சில நிமிட வேலை, முடிவு அப்போதே தெரியும். மார்பையும் அங்கேயே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் பரிசோதனை செய்ததே இல்லையென்றால் அவரையும் கூட்டிப்போங்கள். மூத்தவளுக்கு 9 வயதாகும்போது ஹெச்பிவி தடுப்பூசி போடலாம்.

உடல் எடை, மது, உடற்பயிற்சி எல்லாம் நீங்கள் கேட்டுச் சலித்தவை. ஒன்று மட்டும்: மலையில் இருந்தாலே நடக்கிறோம் என்று அலுவலக வேலைக்காரர்கள் நினைக்கிறார்கள். பச்சைத் தேயிலை பறிப்பவர் நடக்கிறார், கணக்கு எழுதுபவர் ஜீப்பில் போகிறார்.

பையனுக்கு வருவோம். 9 மாதத்தில் இட்லி, சாதம், பருப்பு, முட்டை எல்லாம் அவனுக்கு வேண்டும், அதோடு பால். காலையில் கிளம்பும் முன், சாயந்திரம் வந்ததும், ராத்திரி என்று கொடுத்தாலே சுரப்பு வற்றாமல் இருக்கும். பகலில் மார்பு கனத்தால் கையால் பீய்ச்சி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்த எவர்சில்வர் டப்பாவில் மூடி வையுங்கள். அறை வெப்பத்தில் நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள். ஊர் குளிர்தானே என்று நாலு மணியை நீட்ட வேண்டாம். கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல், டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடாக்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுப்பதற்கென்று தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பதும் சட்டம். உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள், மேலாளருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றைக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.