எங்கள் மோட்டார்க்கார மாமா

"ஊருக்கே வேண்டியவராக வாழ்ந்து மறைந்த ஒரு சாதாரணக் குடும்பஸ்தரைப் பற்றிச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். 2025இல், தன் 71ஆவது வயதில் காலமானார். பத்திரிகையில் பேர் வந்தவர் இல்லை, எந்தப் பதவியிலும் இருந்தவர் இல்லை. அன்னூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை, அதாவது எரிந்த மோட்டாருக்குள் தாமிரக் கம்பிச் சுற்றை மாற்றிக் கட்டுகிற கடை வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அன்னூர் தெரியாதவர்களுக்கு: கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் போகிற ரோடும், அவினாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோடும் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஊர். பவானி ஆறு வடக்கே தள்ளிப் போய்விடுகிறது. எங்களுக்கு வாய்க்கால் பாசனம் கிடையாது. வாழையோ மஞ்சளோ தக்காளியோ, எது வைத்தாலும் கிணறும் ஆழ்துளைப் போரும்தான் கதி. கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் வெள்ளாமை போச்சு. அதனால் மாமாவின் சொந்தப் பேர் தெரியாதவர்கள்கூட "மோட்டார்க்காரர்" என்றால் கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

மோட்டார் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் எரியும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுப்பார்கள், வோல்டேஜ் இறங்கும். இல்லாவிட்டால் கரண்டு வருகிற மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்று போய்விடும். மோட்டார் உடனே நிற்காது, மீதி இரண்டில் முக்கிக்கொண்டே ஓடி, சூடேறிக் காயில் கருகிவிடும். அதைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறவர் பேயறைந்த முகத்தோடு நிற்பார். மாமா முதலில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். அப்புறம் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை எச்பி?" என்பதாக இருக்காது.

"என்ன வெள்ளாமைங்க வெச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. யார் முதலில் வந்தார்கள், யார் வசதியானவர்கள் என்று பார்த்து அவர் வேலையை எடுக்கமாட்டார். எந்தப் பயிர் எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்பதுதான் வரிசை. நான் பள்ளிக்கூட லீவில் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பெரிய தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்து சத்தம் போட்டார். தன் மோட்டார் இரண்டு நாளாகக் கிடக்கிறது, நேற்று வந்தவன் மோட்டாரைப் பிரித்துவிட்டாயே என்று. மாமா வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "வெசனப்படாதீங்க மச்சான். தென்னை பத்து நாளு தாங்கும். அவரு முந்தாநாள்தான் தக்காளி நாத்து நட்டிருக்காரு, இன்னிக்குப் பொழுதோட தண்ணி போகலீன்னா அத்தனையும் போச்சு." அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த தடவையும் அவர் மோட்டார் மாமாவிடம்தான் வந்தது.

அதற்கும் மேலே ஒன்று செய்வார். கடையில் பழைய மோட்டார் இரண்டு வைத்திருந்தார், 3 எச்பி ஒன்று, 5 எச்பி ஒன்று. அவசரக்காரர்களுக்கு அதைக் கொடுத்தனுப்புவார். அவர்கள் மோட்டார் வேலை முடிகிற வரைக்கும் அதைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம். வாடகை கிடையாது. கோடையில் அந்த இரண்டு மோட்டாரும் கடையில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

காயில் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கருகிய கம்பியை உளியால் வெட்டி உருவி எடுக்க வேண்டும். அப்போது ஒரு காயிலை மட்டும் முழுசாக எடுத்து, எத்தனை சுற்று, கம்பியின் தடிமன் என்ன கேஜ் என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். கம்பி உட்காருகிற ஸ்லாட்டுகளைச் சுரண்டித் துடைத்து, இன்சுலேஷன் காகிதத்தை மடித்துச் செருகுவார். புதுத் தாமிரக் கம்பிச் சுற்றை விரல் நுனியால் நாலு நாலு இழையாகப் பிரித்து, உள்ளே இறக்குவார். கம்பிமேல் இருக்கிற எனாமலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், எல்லாம் வீண். அதற்காகவே நகம் வளரவிடமாட்டார். மேலே மூங்கில் சிம்பைத் தட்டி இறக்கி, நூல் போட்டு இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றி, நடுவில் குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைப்பார். அந்த வார்னிஷ் வாசம் அவர் சட்டையிலிருந்து போனதே இல்லை. அத்தை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தும் போகாது.

வேலையை முடித்துக் கொடுக்கும்போது, "இனி எரியாம இருக்கோணும்னா பிரிவென்டர் ஒண்ணு போட்டுக்குங்க" என்று சொல்லி அனுப்புவார். ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற சாமான் அது. எல்லோரும் அதைப் போட்டுவிட்டால் கடைக்கு யார் வருவார்கள் என்று உதவிக்கு இருந்த பையன் ஒருநாள் கேட்டுவிட்டான். "வேற வேலை வரும் போ" என்றார்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை நூல் மில்லில் வேலை பார்த்தார். முதல் ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்னாலேயே மில் பஸ் வந்துவிடும். அந்த வாரம் முழுக்க இரண்டு பெண்களுக்கும் தலை சீவி, ரெட்டை ஜடை போட்டு, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவது மாமாதான். வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். லீவுக்குப் போனால் எனக்கும் அவர்தான் பின்னிவிடுவார். அத்தைக்கு அவ்வளவு நேர்த்தியாக வராது, இதை அத்தையே சொல்வார்.

மதியச் சோறு அநேகமாக அரிசிம்பருப்புச் சோறு. தேங்காயெண்ணெயில் கடுகு, சீரகம் பொரியவிட்டு, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தாராளமாகப் போட்டு வதக்கி, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் களைந்து போட்டு வேகவைப்பார். அத்தைக்கு ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்களுக்குப் போடுவார். நாங்கள் இன்னும் கொஞ்சம் கேட்டால் தன் தட்டிலிருந்து வரும், அந்தப் பங்கிலிருந்து வராது.

ஒறம்பரைகளில், சொந்தக்காரர்களில் சிலர், "ரெண்டும் பொட்டப்புள்ளைகளாப் போச்சே" என்று அவரிடமே இழுப்பார்கள். "ஆமாங்க, ரெண்டோட நின்னு போச்சேன்னு எனக்கும் வெசனம்தான்" என்பார். அப்புறம் அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

ஒன்றை நான் இங்கே சொல்லியாக வேண்டும். மாமா ஊருக்கு நல்லவராக இருந்ததற்கு முட்டுவழி, அதாவது செலவுக்குக் காசு, போட்டது அத்தை. கடன் வசூல் செய்ய மாமாவுக்கு வரவே வராது. "வெள்ளாமை எடுத்ததும் குடுங்க" என்று அனுப்பிவிடுவார். விலை விழுந்து தக்காளியை ரோட்டில் கொட்டுகிற வருடங்களில் அந்தக் காசு வராது. கரண்டு பில்லும் பள்ளிக்கூட ஃபீஸும் அத்தையின் மில் சம்பளத்தில்தான் ஓடின. அத்தை கோபப்பட்டிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் "மகராசன்" என்று மாமாவைச் சொல்லிச் சொல்லி அழுதபோது, இந்த நல்ல பெயரில் பாதி அத்தைக்கும் சேர வேண்டியது என்று எனக்குத் தோன்றியது. மாமா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இவ்வளவு பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், 1970 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் மின்கட்டண உயர்வை எதிர்த்து எங்கள் பக்கத்து விவசாயிகள் போராடினார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். மாமாவுக்கு அப்போது பதினாறு வயது. அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்குச் சொந்தத் தோட்டம், கிணற்றில் புதிதாக மோட்டார் வைத்திருந்த நேரம். அந்தச் சாவுச் செய்தி வந்த அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லையாம். பெருமாநல்லூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மாமா நினைவுத்தூண் இருக்கிற பக்கத்தைக் காட்டி, "கரண்டுக்காக உசுரு போன மண்ணு, அம்மிணி" என்பார். விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது அதற்குப் பல வருடம் கழித்துத்தான்.

எனக்கு அவர் செய்த சீரெல்லாம் எல்லாத் தாய்மாமனும் செய்கிறதுதான். காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்தது, நோம்பிக்கு நோம்பி துணி எடுத்தது. ஆனால் சென்னையில் எனக்கு வேலை கிடைத்து அம்மா பயந்தபோது, கடையைச் சாத்திவிட்டுச் சேரன் எக்ஸ்பிரஸில் என்னோடு கிளம்பி வந்தார். ஹாஸ்டல் அறைக்குள் வந்ததும் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு பிளக்காகக் குத்திப் பார்த்தார். வெந்நீர் வைக்கிற பிளக்கில் எர்த் இல்லை. பொறுப்பாளரம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி, கீழே கடையில் கம்பி வாங்கி வந்து, என் அறையில் மட்டும் இல்லை, அந்த வரிசையில் இருந்த எல்லா அறையிலும் சரி செய்துவிட்டுத்தான் ஊருக்கு வண்டி ஏறினார். பத்திரமாக இரு, ஜாக்கிரதையாக இரு என்றெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிணறுகள் வற்றின. எங்கள் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் தண்ணீருக்குப் பதில் புகையாக வந்த இடங்கள் உண்டு. மேலே இருந்த மோட்டார்கள் போய், போருக்குள் இறங்குகிற சப்மெர்சிபிள் மோட்டார்கள் வந்தன. அந்தக் காயில் கட்டுகிற விதமே வேறு. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஒவ்வொரு இழையாகத் துளைக்குள் விட்டு இழுக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல், தன்னைவிடச் சின்னப் பையனிடம் உட்கார்ந்து மாமா அதைக் கற்றுக்கொண்டார்.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவினாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அறுபது வருடத்துக்கும் மேலாக எங்கள் சனங்கள் கேட்டது. பவானியின் உபரி நீரில் 1.5 டிஎம்சியை, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிற திட்டம். அந்த ஆறில் ஒன்று அன்னூரில். மாமா அத்தையை டிவிஎஸ்ஸில் உட்காரவைத்துக்கொண்டு குளத்துக்குத் தண்ணீர் வருவதைப் பார்க்கப் போனார். சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். குளத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும், "அத்தனை தூரம் மேட்டுல தள்ளுதே, என்ன மோட்டாரு போட்டிருப்பாங்க கண்ணு" என்று நிறையவும் பேசினார். ஒருநாள் உள்ளே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லி யாரையாவது கேட்க வேண்டும் என்றார். அது நடக்கவில்லை. அடுத்த வருடம் ஒருநாள் காலையில் கடை திறக்கக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

கடையை இப்போது அவரிடம் தொழில் பழகிய அந்தப் பையன் நடத்துகிறார், அவருக்கே இப்போது கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். காரியமெல்லாம் முடிந்து அவர் அத்தையிடம் வந்து கேட்டது மாமாவின் நோட்டுகளை. எந்தத் தோட்டத்து மோட்டாருக்கு எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அத்தை கொடுத்துவிட்டார். கூடவே, "கடனை மட்டும் அவராட்டம் உட்டுப்போடாதே சாமி" என்றும் சொன்னார். மாற்று மோட்டார் இப்போது மூன்றாக இருக்கிறது. சத்தி ரோட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மோட்டார் எரிந்தால் அங்கேயே கொண்டு போகலாம். என்ன வெள்ளாமை என்று கேட்பார்.