விடுதலைக்குப் பிந்தைய ஆப்பிரிக்கத் தலைவர்களில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார், ஏன்?

எனக்கு செரெட்சே காமா. போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர். 1966-இல் நாடு விடுதலை பெற்றதிலிருந்து 1980-இல் இறக்கும்வரை பதவியில் இருந்தவர். நெக்ருமா, நைரேரே, மண்டேலா என்று பேச்சு ஓடும்போது இவர் பெயர் வருவதே குறைவு. வந்தாலும் காதல் கதைக்காகத்தான் வரும். அதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1921-இல் செரோவே ஊரில், பாங்வாட்டோ இனத்தின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தார். நாலு வயதிலேயே அப்பா இறந்துவிட, பட்டம் இவருக்கு வந்தது. சித்தப்பா ட்செகெடி காமா இவருக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். சட்டம் படிக்க இங்கிலாந்து போன இடத்தில் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்து 1948-இல் மணந்தார். சித்தப்பா கொதித்துப்போனார். ஊர்மன்றமும் முதலில் எதிர்த்தது. ஆனால் 1949 ஜூனில் மறுபடி கூடியபோது பெருங்கூட்டம் இவர் பக்கம் நின்றது. இனத்துக்குள் விஷயம் தீர்ந்தது. தீராதது பக்கத்து வீட்டில். போட்ஸ்வானா அப்போது பிரிட்டனின் ஆளுகையில் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அப்போதுதான் நிறவெறி அரசு பதவிக்கு வந்திருந்தது, அதன் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்கு வேண்டியிருந்தன. செரெட்சே தகுதியானவர்தான், தென்னாப்பிரிக்கா ஏற்காது என்பதுதான் தடை என்று சொன்ன விசாரணை அறிக்கையை பிரிட்டிஷ் அரசு வெளியிடாமல் அமுக்கியது. பேச்சுவார்த்தைக்கு என்று லண்டனுக்கு வரவழைத்து, ஊர் திரும்ப விடாமல் தடுத்தது. தலைமைப் பட்டத்துக்கான உரிமையை விட்டுக்கொடுத்த பிறகு, 1956-இல்தான் சாதாரணக் குடிமகனாகத் திரும்ப முடிந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1962-இல் போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். க்வெட் மசீரே அவருக்கு வலக்கை. 1965 தேர்தலில் 31 இடங்களில் 28-ஐ வென்றார்கள். கைக்கு வந்த நாடு எப்படி இருந்தது என்று பாருங்கள். நாடு முழுவதற்கும் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர். பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிர்வாகத் தலைமையிடமே எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரத்தில் இருந்தது; விடுதலைக்குச் சற்று முன்புதான் காபரோனியை அவசரமாகக் கட்டி அங்கே குடியேறினார்கள். கடற்கரை கிடையாது. தொடர் வறட்சியில் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டன் பணம் தர வேண்டியிருந்தது.

அப்புறம் 1967-இல் ஒராபாவில் வைரம் கிடைத்தது. ஒராபா இருப்பது பாங்வாட்டோ நிலத்தில், அதாவது செரெட்சேயின் சொந்த இனத்தின் நிலத்தில். பழைய முறைப்படி மண்ணுக்கு அடியில் இருப்பதும் அந்தந்த இனத்துக்கே சொந்தம். அதே 1967-இல் அவருடைய அரசு கொண்டுவந்த சட்டம், கனிம உரிமை அனைத்தையும் இனங்களிடமிருந்து எடுத்து நாட்டுக்கு உரிமையாக்கியது. பேசாமல் இருந்திருந்தால் தன் மக்கள் பெரும் பணக்காரர்களாகியிருப்பார்கள், அவரும்தான். இனத்தலைவர் ஒவ்வொருவரையும் இணங்கவைக்க அவரால் முடிந்ததற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். முதலில் இழப்பவன் தானாக இருக்கும்போது, கேட்பவனுக்கு மறுப்பது கடினம்.

எல்லோரும் மனமுவந்து ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பங்வகெட்சே இனத்தின் தலைவர் இரண்டாம் பாத்தோவென், தலைவர்களின் அதிகாரம் தேய்வதைப் பொறுக்காமல் 1969-இல் பட்டத்தைத் துறந்து எதிர்க்கட்சியில் சேர்ந்தார். தேர்தலில் துணைக் குடியரசுத் தலைவர் மசீரேயையே தோற்கடித்தார். அந்தக் காலத்தில் அக்கம்பக்க நாடுகளில் இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு வென்றவர் சிறையில் இருந்திருப்பார். இங்கே பாத்தோவென் நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தார். மசீரே நியமன இடம் ஒன்றின் வழியாக உள்ளே வந்தார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பின்னாளில் ஒராபாவைவிடச் செழிப்பான ஜ்வானெங் சுரங்கம் கிடைத்தது பங்வகெட்சே நிலத்தில்தான். 1967-இல் அந்தச் சட்டம் வராமல் போயிருந்தால், இரண்டு இனங்கள் இரண்டு சுரங்கங்களோடு எதிரெதிரே நின்றிருக்கும். காங்கோவில் கனிமவளம் நிறைந்த கட்டாங்கா மாகாணம் பிரிந்துபோக முயன்று ரத்தம் சிந்தியது அப்போது எல்லோருக்கும் நினைவிருந்த விஷயம்.

வைரத்தைத் தோண்டியது டி பியர்ஸ் நிறுவனம். தொடக்கத்தில் அரசுக்கு 15 சதவீதப் பங்குதான். சுரங்கத்தை அதிரடியாக நாட்டுடைமை ஆக்கவும் இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவும் இல்லை. கணக்கு வழக்கெல்லாம் படித்துத் தயாராகி மீண்டும் பேச உட்கார்ந்தார்கள். எழுபதுகளின் நடுவில் பங்கு 50 சதவீதம் ஆனது. தகுதியான உள்ளூர் ஆள் வரும்வரை வெளிநாட்டு அதிகாரிகளை வைத்துக்கொண்டார். அதற்காகத் திட்டும் வாங்கினார். எனக்குப் பிடித்த இன்னொரு நிகழ்வு 1976-இல் நடந்தது. போட்ஸ்வானா, லெசோத்தோ, ஸ்வாசிலாந்து மூன்றுக்கும் பொதுவாக ஒரு கூட்டுப் பல்கலைக்கழகம் இருந்தது; லெசோத்தோ தனியாகப் பிரிந்துபோனதால் அது உடைந்தது. நமக்கென்று ஒன்று வேண்டும், ஆளுக்கு ஒரு மாடு கொடுங்கள் என்று அரசு மக்களிடம் கேட்டது. மாடு இருந்தவர்கள் மாடு கொடுத்தார்கள். மற்றவர்கள் பணம், தானியம், கோழி என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். இன்று காபரோனியில் இருக்கும் பல்கலைக்கழகம் அப்படித் தொடங்கியது.

குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. 1975-இல் வந்த மேய்ச்சல் நிலக் கொள்கை, பொது நிலத்தை வேலியிட்ட பண்ணைகளாக்கப் பெரிய மாட்டுக்காரர்களுக்கு வழிவிட்டது. ஆளுங்கட்சித் தலைவர்கள் பலர் அப்படிப்பட்ட மாட்டுக்காரர்கள்தான், செரெட்சே உட்பட. அதில் அதிகம் இழந்தவர்கள் கலஹாரியின் பூர்வகுடிகளான பசார்வா மக்கள். ஏற்றத்தாழ்வு இன்றும் கடுமையாக இருக்கிறது. வைரத்தை விட்டால் வேறு வருமானம் பெரிதாக இல்லை என்ற நிலையும் அவர் காலத்தில் தொடங்கியதுதான்.

1980 ஜூலையில் கணையப் புற்றுநோயால் இறந்தார், 59 வயது. நாடாளுமன்றம் மசீரேயைத் தேர்ந்தெடுத்தது. ராணுவம் ஆட்சியில் தலையிடாமல் முகாமிலேயே இருந்தது. 2024 அக்டோபரில் வைர விற்பனை சரிந்து கஜானா தள்ளாடிய நேரத்தில், அவர் தொடங்கிய கட்சி 58 ஆண்டு ஆட்சிக்குப் பிறகு தோற்றது. எண்ணிக்கை முழுதாக முடியும் முன்பே ஆளுங்கட்சி தோல்வியை ஒப்புக்கொண்டது, சில நாட்களுக்குள் புதிய தலைவர் பொறுப்பேற்றார்.