மகனின் கணக்கப்பிள்ளை விளையாட்டை நிறுத்தலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு நாலரை வயது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் அம்மாயிதான் பார்த்துக்கொள்கிறார். பழைய சாக்கு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலியில் இலை பறிப்பான், அப்புறம் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக மாறி, இல்லாத ஆட்களைத் திட்டுவான். தனியாகப் பேசுகிறான் என்று லயத்து வீடுகளில் ஒரு மாதிரிச் சொல்கிறார்கள். 'இவனும் கொழுந்து பறிக்கவா பிறந்தான்' என்று அவன் அப்பாவுக்குக் கோபம். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு, இன்னும் எழுத்து வரவில்லை. விளையாட்டை நிறுத்திப் படிக்க உட்கார வைக்கட்டுமா?"

நிறுத்த வேண்டாம் தங்கச்சி.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளை ஒருத்தி, குச்சியில் பால்மா டின்னைக் கட்டித் தராசாக்கி, கொய்யா இலையை நிறுத்துக்கொண்டிருந்தாள். "பத்துக் கிலோ. ரெண்டு கிலோ வெட்டு." எதிரே நின்றவள் விடவில்லை: "ஏன் வெட்டுறீங்க?" "மழை பெய்ஞ்சிச்சே, கொழுந்துல தண்ணி இருக்கு." "எங்க கொழுந்து காய்ஞ்சிதான் இருக்கு, தொட்டுப் பாருங்க!" சிரிப்பு வந்தாலும் உள்ளே கொஞ்சம் சுட்டது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நடந்த வேலையைப் பாருங்கள். தான் ஒரு ஆள், தான் வேஷம் கட்டியிருப்பது இன்னொரு ஆள், எதிரே நிற்பவளுக்கு வேறொரு நியாயம், இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தலைக்குள் வைத்துக்கொண்டு, காரணம் சொல்லி, காரணம் கேட்டு, பெரியவர்கள் பேசும் நீளத்துக்கு வசனம் பேசினார்கள். "தோட்டத்தைப் பற்றி ஐந்து வசனம் சொல்லு" என்று நர்சரியில் எழுப்பிவிட்டால் அதே பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

எழுத்து வரவில்லை என்கிறீர்களே, அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் ஒரு விரிவுரையில் இதைத்தான் பேசினார். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் பிள்ளை, பொருளையும் அதன் அர்த்தத்தையும் முதல் தடவையாகப் பிரித்து எடுக்கிறது. கல் கல்லாக இருக்கும்போதே தராசுப் படியாகவும் இருக்கலாம் என்று புரிந்த பிள்ளைக்கு, மூன்று கோட்டுக் கிறுக்கல் 'அ' என்ற சத்தமாக இருப்பதும் மெதுவாகப் பிடிபடும். ஆகவே இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் கணக்கப்பிள்ளைக்கு ஒரு பழைய கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். ஆட்களின் பேர் போடும் செக்ரோல் இல்லாமல் என்ன கணக்கப்பிள்ளை? முதலில் கிறுக்குவான். நீங்கள் வேலைக்காரியாகப் போய் நின்று, "ஐயா, எங்க பேரு விழுந்திச்சா? காட்டுங்க" என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தை எப்படி எழுதுவது என்று அவனே வந்து கேட்டாலும் கேட்பான். ஆனால் எழுத்து பிழை என்று அந்த இடத்தில் திருத்தப் போகாதீர்கள், திருத்தினால் விளையாட்டு அத்தோடு பாடமாகிவிடும், அவனும் எழும்பிப் போய்விடுவான்.

பொறுமைக்கும் இது பயிற்சிதான். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் நாலு, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்தார்கள், பக்கத்திலேயே இழுக்கிற மாதிரி ஒரு விளையாட்டும் இருந்தது. தன்னைப் பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாக நினைத்துக்கொண்ட பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் அந்த வேலையில் நின்றார்கள்.

இருந்தாலும் ஒன்று. 'பாவனை விளையாட்டால் மூளை இத்தனை மடங்கு வளரும்' என்று விளம்பரம் போட்டுப் பொம்மை விற்பவர்களை நம்பாதீர்கள். 2013இல் அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலின் லில்லார்டும் அவரது குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, விளையாட்டுத்தான் இந்தத் திறமைகளுக்கெல்லாம் காரணம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள். மொழிக்கும் கதை சொல்வதற்கும் உதவும் என்பதில் நம்பிக்கை கொஞ்சம் கூட. எனக்கு அதுவே போதும், செலவில்லாத விஷயம்தானே!

அவன் அப்பாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. தான் பட்ட பாட்டை மகன் விளையாட்டாகச் செய்து காட்டும்போது யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் பிள்ளைகள் எதிர்காலத்தைத் தெரிவு செய்து விளையாடுவதில்லை, கண்ணில் படுவதை எடுத்து விளையாடுகிறார்கள். கொழும்பில் இருந்தால் பஸ் கொண்டக்டர் ஆகியிருப்பான். வேறு வேஷமும் வேண்டுமென்றால் வேறு உலகத்தைக் காட்டுங்கள், அடுத்த முறை கிளினிக்குக் கூட்டிப் போனால் மறுநாளே அம்மாயிக்கு ஊசி போடுவான்.

தனியாகப் பேசுவது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. இந்த வயதில் கற்பனைத் தோழன் இருப்பது சர்வசாதாரணம். சந்தேகமாக இருந்தால் "இது நெசமாவே கொழுந்தா?" என்று கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரிப் பார்த்துச் சிரிப்பான்.

கவலைப்பட வேண்டியது எதிர்ப்பக்கம். இரண்டு வயது தாண்டியும் பொம்மைக்குச் சோறூட்டுவது, வெறும் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பது மாதிரி எந்தப் பாவனையும் இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, வந்த பேச்சும் நின்றுவிட்டது என்றால், காத்திருக்காமல் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். மண்சரிவு மாதிரிப் பயங்கரத்தைப் பார்த்த பிள்ளை அதையே திரும்பத் திரும்ப விளையாடுவதும் உண்டு. போகப்போகக் குறைந்தால் சரி, ஒவ்வொரு முறையும் நடுங்கி அழுதால் காட்ட வேண்டும்.

வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, கால்மணி நேரம் அவன் சொன்ன வேஷத்தில் இருங்கள். களைப்பாக இருக்கும், தெரியும். படுத்துக்கொண்டே நோயாளி வேஷம் போடலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

அப்புறம், அந்தச் சாக்கை ஒருக்கால் பாருங்கள். உரச் சாக்கோ தெளிக்கிற மருந்து வந்த பையோ என்றால் இன்றைக்கே எடுத்துவிட்டு, அம்மாயியின் பழைய சேலைத்துண்டைக் கட்டிவிடுங்கள். வேலியில் அரளி இருந்தால் அந்தப் பக்கம் 'இது வேற தோட்டம், பறிக்க ஏலாது' என்று கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு போட்டுவிடுங்கள்.