உட்கார இடமில்லாத திருவிழா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் மியூனிக் அக்டோபர் பீர் விழாவைப் பற்றிய உங்கள் பயணக் கட்டுரையில், 'முன்பின் தெரியாதவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உறவாகிவிடும் இடம்' என்று ஒரு வரி உண்டு. அதை நம்பி நண்பர்கள் ஐந்து பேர் நூரெம்பெர்க்கிலிருந்து ஒருநாள் பயணமாகக் கிளம்பினோம். இரண்டாவது சனிக்கிழமை. ஐவருக்கும் சேர்த்து ஒரே பவேரியா மாநில ரயில் டிக்கெட். திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் 'நிரம்பிவிட்டது' என்றார்கள். ஒரு வாசலில் இரண்டரை மணி நேரம் நின்றோம். நண்பன் ஒருவனின் முதுகுப்பை பெரியது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒருவழியாக உள்ளே போனால், உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் பீர், நிற்பவர்களுக்கு இல்லை. கடைசியில் ராட்டினத்தில் ஒரு சுற்று, சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் ஒரு பொட்டலம், திரும்பும் ரயிலிலும் நின்றபடியே பயணம். ஓர் இளவரசரின் கல்யாண விழா வெறும் வியாபாரமாகிவிட்டது. உங்கள் பெஞ்ச் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. வரும் மே மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். இங்குள்ள திருவிழா ஒன்றைப் பார்க்க வேண்டும் என்கிறார். இப்படிப்பட்ட இடத்துக்கு அவரை அழைத்துப் போகலாமா?

ச., நூரெம்பெர்க்

அன்புள்ள ச.,

என்னுடைய ஒரு வரி உங்கள் ஐவரையும் இரண்டரை மணி நேரம் வாசலில் நிறுத்திவிட்டது. பிழை என்னுடையதுதான். பெஞ்சைப் பற்றி எழுதியவன் கிழமையை எழுதவில்லை. நான் அங்கே உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூடாரம் திறந்த அரை மணி நேரத்துக்குள்.

நீங்கள் போன நடு வாரக்கடைசிக்கு மியூனிக்கில் 'இத்தாலியர் வாரக்கடைசி' என்று பெயர். ஆல்ப்ஸைத் தாண்டி அவ்வளவு பேர் வந்து இறங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் அன்று அந்தத் திசையில் தலைவைத்தும் படுப்பதில்லை.

கட்டுரையில் மறைத்த ஒன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன். என் முதல் தடவையும் சனிக்கிழமைதான். எங்கும் நுழைய முடியாமல், குச்சியில் குத்திச் சுட்ட கானாங்கெளுத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு பவேரியா சிலையின் காலடிப் படிகளில் போய் உட்கார்ந்தேன். 1850இல் நிறுவிய வெண்கலச் சிலை, 18.5 மீட்டர் உயரம். உள்ளே படியேறி அதன் தலைக்குள் நின்று, சின்னத் திறப்புகள் வழியே திடலைப் பார்க்கலாம். நான் ஏறவில்லை. மீனின் முள்ளை எடுப்பதிலேயே கவனமாக இருந்தேன். கோபத்தில் இருக்கும்போது அது நல்ல வேலை.

அடுத்த முறைதான் அந்தச் செவ்வாய். எதிரே எழுபதைத் தாண்டிய தம்பதி. அவர்களுக்குத் தட்டில் வெள்ளை முள்ளங்கி வந்தது, அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவியது. பெரியவர் சுருளை விசிறிபோல விரித்து, ஒவ்வொரு மடிப்பிலும் உப்புத் தூவினார். பிறகு தொடவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்து, "அழ வேண்டும்" என்றார். சற்று நேரத்தில் மடிப்புகளிலிருந்து நீர் கசிந்து தட்டில் தேங்கியது. முள்ளங்கி அழுதுவிட்டால் காரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தட்டை மேசையின் நடுவுக்கு நகர்த்தினார். அறிமுகம் அவ்வளவுதான், பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பரிமாறும் பெண் இரண்டு கைகளிலுமாகப் பத்துக் குவளைகளைக் கொண்டு வந்து ஒரே மூச்சில் இறக்கினார். காலிக் குவளையே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் ஒரு லிட்டர் பீர். கணக்குப் போட்டுப் பாருங்கள். பித்தளை வாத்தியங்கள் அடக்கமாக ஒலித்தன. மாலை ஆறு மணிவரை இசை 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2005 முதல் விதி இருக்கிறது. அதனால்தான் அந்தப் பாட்டியம்மாள் தன் முழங்கால் அறுவை சிகிச்சையின் கதையை முழுவதுமாகச் சொல்ல முடிந்தது.

வியாபாரம் என்று சலித்துக்கொள்கிறீர்கள். வளையல் கடை இல்லாத தேர்த் திருவிழாவை நீங்கள் பார்த்ததுண்டா? 1810 அக்டோபர் 12 அன்று பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் திருமணம். ஐந்து நாள் கழித்து ஊருக்கு வெளியே புல்வெளியில் குதிரைப் பந்தயம். அதில் இன்று மிஞ்சியிருப்பது மணப்பெண்ணின் பெயர்தான், திடலின் பெயராக. பந்தயம் போய்விட்டது. இரவுக் குளிருக்குப் பயந்து செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவதால் அக்டோபரும் பெரும்பாலும் போய்விட்டது. மியூனிக் நகரின் ஆறு ஆலைகளின் பீரை மட்டுமே அங்கே விற்கலாம். குவளை ஒன்று பதினைந்து யூரோவை ஒட்டி வந்துவிட்டது. விலையைப் பற்றிய உங்கள் எரிச்சலில் நானும் பங்கு சேர்கிறேன். ஆனால் திடலுக்குள் போக நுழைவுக்கட்டணம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு உங்கள்மேல் இருக்கும் குறை வேறு. நூரெம்பெர்க்கில் குடியிருந்துகொண்டு இதற்காக மியூனிக் வரை ஏன் போனீர்கள்? ரயிலில் இருபது நிமிடத் தொலைவில் எர்லாங்கன். அங்கே, ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி 12 நாள் நடக்கும் 'பெர்க்கிர்ஷ்வை' 1755இல் தொடங்கியது. மியூனிக் விழாவைவிட 55 வருடம் மூத்தது. பெரிய கூடாரங்கள் இல்லை. மலைச்சரிவில் மரங்களுக்குக் கீழே தட்டுத்தட்டாக நீள பெஞ்சுகள்.

அந்த பெஞ்சுகளுக்கு அடியில்தான் விஷயம் இருக்கிறது. மலை முழுக்க மணற்கல். அதைக் குடைந்து நிலவறைகள் அமைத்து, கோடையிலும் சூடேறாமல் பீரைச் சேமித்தார்கள். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் அது பெரிய பலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எர்லாங்கன் பீர் வெளியூர்களுக்கு ஏராளமாகப் போனது. 1870களில் கார்ல் வான் லிண்டே குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கினார். அதைச் சோதித்துப் பார்த்தது மியூனிக் ஆலை ஒன்றில். அதன்பின் எந்த ஊரிலும் பீரைக் குளிர்விக்கலாம் என்றாகிவிட்டது. எர்லாங்கன் மலையின் மவுசு குறைந்தது. ஆனாலும் மேலே உட்காரும் வழக்கம் நிலைத்துவிட்டது. அந்தப் பகுதி மக்களின் பேச்சில் 'நிலவறைக்குள்' போவதில்லை, 'நிலவறை மேல்' போகிறார்கள். அங்கே குவளையும் கண்ணாடி அல்ல, கல்லாக இறுகச் சுட்ட மண். எவ்வளவு குடித்திருக்கிறோம் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கவனம்.

அம்மாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். 'கிர்ஷ்வை' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள், கோயிலைப் புனிதப்படுத்திய நாள். 'வருஷாபிஷேகம்' என்று சொல்லுங்கள். கடைத்தெரு, ராட்டினம், கூட்டம் என்று மீதியை அவரே புரிந்துகொள்வார். பீர் விற்கும் இடமாயிற்றே என்று தயங்கினால், பக்கத்து மேசையில் பேரக்குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைக் காட்டுங்கள். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து தருவார்கள். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெந்தெகொஸ்தேக்கு அடுத்த செவ்வாய் மட்டும் வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு அன்று விடுமுறை. மாணவர் கூட்டம் மலையேறிவிடும். வேறொரு வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்குப் போய், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். சரிவுப் பாதை, அம்மாவுக்கு நல்ல செருப்பு வேண்டும். பையைச் சிறியதாக எடுத்துக்கொள்ளுங்கள், இதை நீங்களே பட்டுத் தெரிந்துகொண்டீர்கள்.

கடைசி நாள் இரவு, கடைசிப் பீப்பாயைக் குழி வெட்டிப் புதைத்து, வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டி வழியனுப்புவார்கள். அதற்கு ஐவரும் தனியாகப் போய்க்கொள்ளலாம்.

அம்மாவோடு போகும் அன்று ஒரு முள்ளங்கி வாங்குங்கள். பச்சையாகவா தின்கிறார்கள் என்று நிச்சயம் கேட்பார். உப்புத் தூவி, அழவிட்டு, ஒரு மடிப்பைப் பிய்த்துக் கொடுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.