நாற்காலி காலியாக இருந்தால் யார் கேட்பார்?

அரசு மருத்துவமனையில் 34 வருஷம் பிசியோ வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். கை சும்மா இருக்கவில்லை. பினாங்கில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பில், செவ்வாய்க்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு நாற்காலிப் பயிற்சி நடத்துகிறேன். அங்கே கேட்பவை போதாதென்று கடிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விகள் வருகின்றன. இந்த முறை ஆறு. முதலில் அவர்கள் எழுதியது, அதன் கீழே என் பதில்.

கணவர் தவறிய பிறகு சுங்கைப்பட்டாணி வீட்டை விற்றுவிட்டு, தஞ்சோங் பூங்கா பக்கம் ஒரு ஓய்வுக்காலக் குடியிருப்புக்கு வந்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள், வயது 71. இங்கே முக்கால்வாசிப் பேர் சீனர்கள். தமிழர் என்று நான் ஒருத்திதான். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஹொக்கியனில் பேசுகிறார்கள். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கே போய்விடுகிறேன்.

டீச்சர், முதலில் அந்தத் தட்டைக் கீழே வையுங்கள். அறையில் சாப்பிடுவது முதல் வாரம் நிம்மதியாக இருக்கும். மூன்றாம் வாரம் பணிப்பெண்ணே சாப்பாட்டைக் கொண்டுவந்து கதவைத் தட்டுவார். அதன் பிறகு மருந்து வாங்க மட்டும்தான் வெளியே வருவீர்கள். நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

தினமும் அதே மேசை, அதே நாற்காலி, அதே நேரம். யாரிடமும் பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும். பதினைந்து நாளில் அது 'டீச்சர் நாற்காலி' ஆகிவிடும். நீங்கள் வராத அன்று யாராவது ஒருவர் அதைப் பார்ப்பார்.

ஹொக்கியன் முழுவதையும் கற்க வேண்டியதில்லை. 'சியா பா போய்?' என்று ஆரம்பியுங்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம்மவர்கள் வாசலில் நின்று கேட்பார்களே, அதேதான். சாப்பாட்டுக் கணக்குக்காகவா கேட்கிறோம்? உன்னைப் பார்த்துவிட்டேன் என்று சொல்வதற்குக் கேட்கிறோம். உங்களிடம் கேட்டால் 'சியா பா லியாவ்' என்று சொல்லுங்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மாஜோங் மேசையில் நுழைவது கஷ்டம். நாலு பேர் ஆட்டம் அது, ஐந்தாவது ஆள் எட்டிப் பார்க்கத்தான் முடியும். நீங்கள் பல்லாங்குழியை எடுத்துப் போய்க் கூடத்தில் வையுங்கள். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இதே குடும்பம்தான்: பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி. மலாய்ப் பழக்கம் கலந்த சீன வம்சத்து நியோன்யா பாட்டிமார் பலருக்கும் கை தன்னால் போகும். அவர்கள் விதி ஒன்று, உங்கள் விதி ஒன்று என்று தகராறு வரும். தகராறு வந்துவிட்டால் பழக்கம் ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மா வெள்ளிக்கிழமைகளில் லிப்ட் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளிக்கோலம் போடுவார். மூன்றாம் மாடிச் சீனத் தாத்தா ஒருவர் தினமும் அதைத் தாண்டிப் போகிறவர். ஒரு நாள் குனிந்து விரலால் எண்ணி, 'போன வாரம் அஞ்சு புள்ளி, இந்த வாரம் ஏன் ஏழு?' என்று மலாயில் கேட்டார். இப்போது கோலமாவு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 68. பேரன் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்து, தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறான். 4,000 தாண்டினால் வலது முட்டி வலிக்கிறது. டாக்டர் தேய்மானம் என்கிறார். நடக்கலாமா, கூடாதா?

நடக்கலாம் ஐயா. கடிகாரத்தை மட்டும் பேரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 10,000 என்பது எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தவர்கள் அதற்கு வைத்த பெயரில் இருந்த எண் அது. விளம்பரம் வேதவாக்காகிவிட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்வது வேறு கணக்கு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் தள்ளாடாமல் நிற்கும் பயிற்சி. மிதமான உழைப்பு என்றால் நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்தாலும் கணக்கில் சேரும்.

நம் ஆட்கள் விட்டுவிடுவது தசைப் பயிற்சியைத்தான். தொடைத் தசை மெலிந்தால் பாரம் முழுவதும் முட்டியில் இறங்கும். கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் வயது ஆணுக்கு 12-க்குக் கீழே வந்தால் கால் பலம் குறைவு. அந்தச் சோதனையே பயிற்சியும்கூட. வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்தாக இரண்டு தடவை செய்யுங்கள். முதலில் கை ஊன்றிக்கொண்டால் தப்பில்லை.

செய்யும்போது கொஞ்சம் வலித்து மறுநாளைக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாளும் வலியோ வீக்கமோ நின்றால் பாதியாகக் குறையுங்கள். கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தண்ணீர்மலைப் பூங்காவில் நடக்கலாம். 1884-இல் வைத்த பூங்கா, நல்ல நிழல். பக்கத்தில் முருகனைப் பார்க்கவும் ஆசை வரும். அங்கே 513 படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். முட்டியைப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். அப்பாவுக்கு 78, பினாங்கில் ஒரு முதியோர் குடியிருப்பில் இருக்கிறார். தேவாரம் பாடுவதில் ஆசையுள்ளவர், இப்போது பஜனைக்கே வருவதில்லையாம். கூட்டமாக உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறார், கேட்டால் எரிந்து விழுகிறார். மனச்சோர்வா, மறதி நோயின் ஆரம்பமா?

தம்பி, இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் காதைப் பாருங்கள்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பெரியவர் எப்போதும் கடைசி வரிசையில் நிற்பார். கையைத் தூக்குங்கள் என்றால் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகத் தூக்குவார். சிரிப்பு மூட்டினால் சிரிக்க மாட்டார். தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர், அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ஏழெட்டு மாதம் அவரிடம் நேராகப் பேசியதுகூட இல்லை. ஒரு நாள் மின்சாரம் போய் மின்விசிறி எல்லாம் நின்றது. அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் உடனுக்குடன் செய்தார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வயதில் காது மந்தமாவது சத்தம் குறைவதைப் போல இருக்காது. மெல்லிய கீச்சொலிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்து கேட்கும், ச, த, ட மாதிரி மெய்யெழுத்துகள் மழுங்கும். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. அதனால்தான் 'எனக்கு நல்லாத்தான் கேட்குது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்' என்று சண்டைக்கு வருகிறார்கள். ஓடு பதித்த தரை, திரைச்சீலை இல்லாத கூடம், நாலு மின்விசிறி, ஜால்ரா, ஒலிபெருக்கி. பஜனைக் கூடத்தைவிட மோசமான இடம் அவருக்கு இல்லை. பாட்டு எங்கே போகிறது என்று தெரியாமல் தப்பாக எடுத்து ஒரு தடவை மானம் போயிருக்கும். எழுந்து போகாமல் என்ன செய்வார்?

ஆகவே முதலில் கிளினிக்கில் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் குறும்பி அடைத்திருப்பதோடு கதை முடிந்துவிடும். இல்லையென்றால் செவித்திறன் சோதனை. கருவி கொடுத்தால், போட்ட அன்றே பஜனைக்கு அழைத்துப் போகாதீர்கள். பல வருஷம் கேட்காத ஓசைகள் ஒரே நேரத்தில் வந்து விழும். தட்டுச் சத்தம்கூட ஆணி அடிப்பதைப் போல இருக்கும். அமைதியான அறையில் ஒரு மணி நேரம், ஒருவரோடு மட்டும் பேச்சு. பிறகு இரண்டு பேர். மூளை பழகச் சில வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே கழற்றி டிராயரில் போட்ட கருவிகள் இந்தத் தீவில் எத்தனை இருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

கத்திப் பேசாதீர்கள், கத்தினால் சொல் இன்னும் சிதையும். முகத்தில் வெளிச்சம் விழ எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். போன் பண்ணுவதானால் முகம் தெரிய வீடியோவில் கூப்பிடுங்கள். பஜனையில் பாடுபவருக்குப் பக்கத்தில், சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார வையுங்கள். பதிகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

மறதியைப் பற்றிக் கேட்டீர்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவும் தனிமைப்படுவதும் இரண்டுமே அதில் இருக்கின்றன. காது போனால் ஆளும் ஒதுங்குவார் என்பதால் ஒன்று இன்னொன்றை இழுத்து வரும். காதைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் மனச்சோர்வைப் பற்றிக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை விரதம் இருப்பேன். அன்றுதான் எங்கள் குடியிருப்பில் காலைப் பயிற்சி. இனிப்பு நீருக்கு மாத்திரை போடுகிறேன். வெறும் வயிற்றில் செய்யலாமா?

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிக்லசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் செய்யக்கூடாது. உங்கள் மாத்திரை எந்த வகை, விரத நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுக்கம், வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே உட்கார்ந்து இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நாலு தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விரதம் போயிற்றே என்று தயங்க வேண்டாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எங்கள் இடத்தில் நடவடிக்கை என்றால் பிங்கோ, கராவோக்கே, பலூன் தட்டுவது. நான் கணக்காளராக இருந்தவன். குழந்தைகளைப் போல் நடத்துகிறார்கள். போகாவிட்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்கிறார்கள்.

உங்கள் கட்சிதான் நான். பலூனில் குற்றமில்லை, கைக்கும் கண்ணுக்கும் நல்லது. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பொறுப்பில் இருந்தவருக்குப் பொழுதுபோக்கை மட்டும் கொடுத்தால் கசக்கத்தான் செய்யும். என் வகுப்புக்கே வரமாட்டேன் என்று இருந்த ஒருவரிடம் வருகைப் பதிவேட்டைக் கொடுத்தேன். பயிற்சி செய்ய வேண்டாம், யார் வந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். சிவப்பு மைக்குத் தனிப் பேனா வாங்கி வந்தார். இரண்டு செவ்வாய் வராதவர்களுக்கு அவரே போன் செய்ய ஆரம்பித்தார். 'முட்டி வலியா, இல்லை சோம்பலா? எழுத வேண்டும், சொல்லுங்கள்' என்பார். வகுப்பில் ஆள் கூடியது என் பயிற்சியால் இல்லை. இப்போது அவரும் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குகிறார். நான் கவனிக்காததைப் போல் இருந்துவிடுகிறேன்.

நிர்வாகத்திடம் குறை சொல்வதைவிட ஒரு வேலையைக் கேளுங்கள். குடியிருப்போர் நிதிக் கணக்கு, நூலக அலமாரி, காலையில் தமிழ்ப் பேப்பரைக் கண் மங்கியவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என்று எது வேண்டுமானாலும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசினால், வாரம் ஒரு மணி நேரம் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வழி பிறக்கலாம். பிரான்சின் துலூஸ் நகரில் 1973-இல் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்று ஓய்வுபெற்றவர்களுக்காக ஒன்று தொடங்கினார்கள். பிரிட்டனுக்கு வந்தபோது உறுப்பினர்களே ஆசிரியர்கள், உறுப்பினர்களே மாணவர்கள் என்றானது. நம் நாட்டில் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கினார்கள். உங்கள் கூடத்திலேயே அப்படி ஒன்று வைக்கலாம்: இந்த மாதம் நீங்கள் வருமான வரி, அடுத்த மாதம் வேறொருவர் ரோஜாப் பதியன்.

போன வருஷம் லெபோ பசாரில் மளிகைச் சாமான் வாங்கப் போய் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில், தடுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் மகள் இனித் தனியாக வெளியே போகக்கூடாது என்கிறாள். எனக்கும் பயம் வந்துவிட்டது. வயது 73.

மகள் சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதி உங்களை மறுபடி விழ வைக்கும். பயந்து நடையைக் குறைத்தால் கால் மெலியும், கால் மெலிந்தால் இன்னும் தள்ளாடும்.

ஏன் விழுந்தீர்கள் என்று பார்த்தீர்களா? ஜார்ஜ்டவுன் அஞ்சடியில் ஒரு கடைத் தரைக்கும் அடுத்த கடைத் தரைக்கும் அரை சாண் உயரம் மாறும். மழை பட்டால் பழைய ஓடு வழுக்கும். மேலே தூரப் பார்வை, கீழே படிக்கும் பார்வை என்ற கண்ணாடி போட்டிருந்தால், குனியும்போது படி மங்கலாகத்தான் தெரியும். வெளியே நடக்கத் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் டாக்டரிடம் கேளுங்கள். ஜப்பான் சிலிப்பரை வீட்டு வாசலோடு நிறுத்துங்கள், குதிகாலைப் பிடிக்கும் செருப்புதான் வேண்டும். எழுந்ததும் தலை சுற்றினால் இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள்.

சமையலறைத் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் விரல் நுனியில் மறு பாதத்தின் குதிகால் படும்படி நில்லுங்கள். பத்து விநாடி. கை மாற்றாமல் ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்க வந்ததும், மகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். முதல் மாதம் பக்கத்து வீட்டம்மாவோடு காலை ஒன்பது மணிக்கு, வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன் போய் வாருங்கள். நகருக்குள் சுற்றி வரும் கேட் (CAT) பேருந்து இலவசம். உட்கார்ந்த பிறகு வண்டி கிளம்பட்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லத் தயங்காதீர்கள். வாங்கிய சாமானை ஒரே கையில் தூக்காமல் முதுகுப் பையில் போடுங்கள். கைத்தடி பிடிப்பதானால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில்.